தனிக்குடித்தனத்துக்கு வந்த மெயில் சர்வர்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் பதினைந்து வருடப் பழைய போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் ஒன்று ஓடுகிறது. ஆசிரியர், அலுவலர் 600 பேரின் கணக்கும் ஆக்டிவ் டைரக்டரி என்கிற மைக்ரோசாஃப்ட் பயனர் பட்டியலில் இருக்கிறது. மாணவர் பட்டியல் தனியாக, ஈ.ஆர்.பி. என்கிற நிர்வாக மென்பொருளில். பெயரைக் கேட்டால் ஐபி எண்ணைச் சொல்கிற டிஎன்எஸ்ஸுக்கு, பைண்ட் மென்பொருள் ஓடும் இரண்டு சர்வர்கள், இரண்டும் வளாகத்துக்குள்ளேயே. எல்லாரும் சொந்த ஜிமெயிலில் அலுவல் கடிதம் அனுப்புவதை நிறுத்தச் சொல்கிறார் பதிவாளர். அதனால் மெயில்-இன்-ஏ-பாக்ஸ் என்கிற ஆயத்த மெயில் சர்வர் பேக்கேஜை ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. ஆனால் எங்கள் டொமைனுக்கு டிஎன்எஸ் பதில் சொல்கிற நேம்சர்வரையே தன் பக்கம் திருப்பச் சொல்கிறது. ஆக்டிவ் டைரக்டரியோடு சேரவில்லை. மொபைல் டேட்டாவில் வெப்மெயில் திறக்கிறது, வளாக வைஃபையில் திறக்கவில்லை. ஜிமெயிலுக்கு அனுப்பினால் ஸ்பாமில் விழுகிறது. டிஎன்எஸ்ஸை அதனிடமே கொடுத்துவிடலாமா சார்? பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம்?

பதில்: தம்பி, இரண்டுக்கும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஎன்எஸ்ஸைக் கொடுக்காதீர்கள். பழைய சர்வரை இந்த வருடம் நிறுத்தாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஏற்றிய பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, எங்கேயோ ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, தன் மெயிலைத் தானே வைத்துக்கொள்ள நினைக்கிற தனி ஆளுக்காக. அவரிடம் வேறு எதுவுமே கிடையாது. அதனால் அது காலியான உபுண்டு 22.04 மெஷின் ஒன்றைக் கேட்கிறது. கொடுத்ததும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ரவுண்ட்கியூப், காலண்டருக்கு நெக்ஸ்ட்கிளவுட், சொந்த டிஎன்எஸ் சர்வர், சான்றிதழ், பேக்அப் என்று அடுப்பு முதல் ஆட்டுக்கல் வரை இறக்கிவிடுகிறது. உள்ளே கை வைத்து மாற்ற விரும்புகிறவர்களுக்கு இது இல்லை என்று செய்தவர்களே சொல்கிறார்கள். கான்ஃபிக் கோப்பை நீங்கள் திருத்தினாலும் அடுத்த அப்கிரேடில் பழையபடி ஆகிவிடும். தனிக்குடித்தனம் நடத்த வந்ததைக் கூட்டுக்குடும்பத்துக்குள் கூட்டி வந்திருக்கிறீர்கள். அங்கே சாவிகள் ஏற்கெனவே வேறு இடுப்புகளில் இருக்கின்றன: பெயர்களுக்கு டிஎன்எஸ், ஆட்களுக்கு ஆக்டிவ் டைரக்டரி, வாசலுக்கு ஃபயர்வால். எந்தப் பேக்கேஜை எடுத்தாலும் சரி, இந்தச் சாவிகளை அதனிடம் கொடுக்க வேண்டாம். மெயில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும் அதற்குப் போதும்.

டிஎன்எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். உங்களுடையது ஏசி டாட் இன் டொமைன் என்றால் அதன் பதிவு, கல்வி நிறுவனங்களின் டொமைன்களைப் பதிகிற எர்நெட் இந்தியாவிடம் இருக்கும். நேம்சர்வரை மாற்ற அங்கேதான் போக வேண்டும். தப்பாகப் போனால் திரும்ப மாற்றவும் அங்கேதான். மாற்றுகிற அன்றைக்கு இணையதளம், தேர்வு முடிவுப் பக்கம், நூலகத்தின் கோஹா மென்பொருள், ஈ.ஆர்.பி., ஏதோ ஒரு துறை என்றைக்கோ போட்டு மறந்த கருத்தரங்குப் பக்கம் என்று எல்லாப் பெயரும் பெட்டிக்குள் ஏறியிருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் போன் உங்களுக்குத்தான் வரும். இவ்வளவுக்கும் தேவையே இல்லை. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் வெளி டிஎன்எஸ் என்று ஒரு பகுதி உண்டு. என்னென்ன ரெக்கார்டு வேண்டும் என்று வரி வரியாக அதுவே எழுதித் தருகிறது. அதை, உங்கள் டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கிற பைண்ட் ஸோன் கோப்பில் ஒட்டினால் வேலை முடிந்தது. நாளைக்குப் பேக்கேஜை மாற்றினாலும் ரெக்கார்டுகள் ஏறக்குறைய இவைதான்.

ஒட்டும்போது சில இடங்களில் கை சுடும். கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுகிற டிகிம் சாவி 2048 பிட் என்றால் நீளமாக இருக்கும்; டெக்ஸ்ட் ரெக்கார்டில் ஒரு மேற்கோளுக்குள் 255 எழுத்துக்கு மேல் கொள்ளாது. இரண்டு மேற்கோள் துண்டாக வெட்டி அடுத்தடுத்து எழுத வேண்டும். எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்கிற எஸ்.பி.எஃப் வரி, ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். பழைய சர்வருக்கான வரி ஏற்கெனவே இருக்கும்; புதியதை அதன் கீழே இரண்டாவதாக ஒட்டினால் இரண்டுமே செல்லாமல் போகும். ஒரே வரியாகச் சேருங்கள். அந்த வரியைப் படிக்கிறவர் அதற்காகச் செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டவும் கூடாது. அப்புறம் ஸோனின் சீரியல் எண்; ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை ஏற்றினால்தான் இரண்டாவது சர்வர் புதியதை எடுத்துக்கொள்ளும். இருபது வருடமாக இதைச் செய்கிற நானே அதை ஏற்ற மறந்துவிட்டு, இரண்டாவது சர்வர் ஏன் பழைய பதிலையே சொல்கிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வளாக வைஃபையில் வெப்மெயில் திறக்காததும் அநேகமாக டிஎன்எஸ் விவகாரம்தான். ஆக்டிவ் டைரக்டரி அமைத்தவர் உள்ளே வைத்த டொமைன் பெயரும் வெளியே இருக்கிற டொமைன் பெயரும் ஒன்றாக இருந்தால், உள்ளே இருக்கிற கணினிகள் ஆக்டிவ் டைரக்டரி ஓடுகிற டொமைன் கன்ட்ரோலரைக் கேட்கும். அது ‘இந்த டொமைன் என்னுடையது, அப்படி ஒரு பெயர் இங்கே இல்லை’ என்று கையை விரித்துவிடும். வெளியே போய்க் கேட்காது. ஊருக்கெல்லாம் தெரிந்த விலாசம் வீட்டுக்காரருக்குத் தெரியாத கதை. டொமைன் பெயர் வேறு வேறு என்றால், லேப்டாப்புக்குப் பொது ஐபி கிடைத்திருக்கும். ஆனால் உள்ளிருந்து கிளம்பி ஃபயர்வாலின் வெளி முகத்தைத் தொட்டுவிட்டு மறுபடி உள்ளே வர ஃபயர்வால் விடாது. வைஃபையில் இருக்கிற ஒரு லேப்டாப்பில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிலே வராவிட்டால் முதல் ரகம், பொது ஐபி வந்தால் இரண்டாவது. எதுவானாலும் உள்ளே கேட்பவர்களுக்குச் சர்வரின் உள் ஐபியையே பதிலாகக் கிடைக்கச் செய்யுங்கள், சரியாகிவிடும்.

பெட்டியையே மாற்ற வேண்டியிருப்பது ஆட்கள் விஷயத்தில்தான். மெயில்-இன்-ஏ-பாக்ஸ் தன் பயனர்களைத் தனக்குள்ளே ஒரு சின்ன எஸ்.கியூ.லைட் கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஆக்டிவ் டைரக்டரியைக் கேட்க அதற்குத் தெரியாது. பத்துப் பேர் என்றால் கையால் ஏற்றலாம். உங்கள் இடத்தில் வருடா வருடம் ஒரு படை வந்து சேரும், ஒரு படை படிப்பை முடித்துப் போகும். ஓய்வு பெற்ற பேராசிரியரின் கணக்கை ஆக்டிவ் டைரக்டரியில் மூடியிருப்பீர்கள், மெயில் மட்டும் திறந்தே கிடக்கும். ஆகவே பிரதான டொமைனுக்கு இது வேண்டாம். இதே மாதிரி இன்னொரு பேக்கேஜான ஐரெட்மெயிலை எல்.டி.ஏ.பி. (பயனர் பட்டியலைக் கேட்கிற மொழி) வகையில் ஏற்றினால் ஆக்டிவ் டைரக்டரியோடு இணைக்கிற வழியை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மெயில்கவ் என்கிற பேக்கேஜ் 2025 முதல் எல்.டி.ஏ.பி. வழியாக ஆளைச் சரிபார்க்கிறது. யாராவது ஜிம்பிராவின் இலவசப் பதிப்பைச் சொன்னால், ஆயத்தமாகக் கிடைத்த 8.8.15-க்கு 2023 கடைசியோடு ஆதரவு முடிந்தது என்று சொல்லிவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மெயில்கவ் எடுப்பேன். குறைந்தது 6 ஜிபி ராம் கேட்கும். 600 பேருக்கு நான் 16 வைப்பேன். ஆனால் அது, மென்பொருள்களைத் தனித்தனி அறையாக அடைத்து ஓட்டுகிற டாக்கருக்குள் ஓடுகிறது, அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டாக்கர் தனக்குள்ளே 172.17 என்று தொடங்கி நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். மெயில்கவ்வின் வழக்கமான எண் 172.22.1. விடுதி வைஃபையும் அதே எண்ணில் இருந்தால், அந்த லேப்டாப்புகளுக்குப் போக வேண்டிய பதிலைச் சர்வர் தன் வீட்டுக்குள்ளேயே தேடும். எல்லாருக்கும் மெயில் திறக்கும், ஒரே ஒரு விடுதிக்கு மட்டும் திறக்காது. நீங்கள் அந்த விடுதியின் ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஏற்றுவதற்கு முன்பே வளாகத்தில் எந்தெந்த எண் புழங்குகிறது என்று பார்த்து, மெயில்கவ்வின் எண்ணை மாற்றிவிடுங்கள்.

ஆக்டிவ் டைரக்டரியோடு பேச, படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு தனிக் கணக்கு போதும். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் மெயில் முகவரிக்கான கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்குக் காலியாகத்தான் இருக்கும். முகவரி வைப்பதிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் ஒரே வகுப்பில் மூன்று அஜினும் நான்கு அபிஷாவும் இருப்பார்கள், இனிஷியல்கூட ஒன்றாக இருந்து தொலைக்கும். மாணவருக்குப் பதிவு எண்ணையே முகவரியாக்கி, தனி சப்டொமைனில் வையுங்கள். ஒரு பையன் பாஸ்வேர்டைத் தொலைத்து அவன் கணக்கிலிருந்து ஸ்பாம் போனாலும், பதிவாளர் அனுப்புகிற கடிதத்தின் பெயர் அவ்வளவாகக் கெடாது. மெயில்-இன்-ஏ-பாக்ஸை விட மனசில்லை என்றால் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு சப்டொமைனை எழுதிக் கொடுங்கள். அங்கே அது டிஎன்எஸ்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும்.

இனி ஃபயர்வால். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு யாருக்கும் மெயில் திறக்கவில்லை. சர்வர் ஓடுகிறது, டிஸ்க் நிறையவில்லை, சர்வீஸ் எல்லாம் பச்சை. கன்சோலில் உட்கார்ந்து, தப்பான பாஸ்வேர்டோடு வருகிற ஐபியை அடைக்கிற ஃபெயில்டூபேன் தடுத்து வைத்த பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு ஐபி. அது எங்கள் ஃபயர்வாலின் உள் ஐபி! வெளியிலிருந்து வருகிற எல்லாரையும் தன் முகவரியைப் போட்டே ஃபயர்வால் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது; வளாகத்துக்காரர்களும் அதைச் சுற்றித்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டு மாற்றிய ஒரு துறைத்தலைவரின் வீட்டு டேப்லெட், பழைய பாஸ்வேர்டோடு நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டியிருக்கிறது. தட்டியவரைச் சர்வர் தடுத்துவிட்டது. அதன் கண்ணுக்கு உலகம் மொத்தமும் அந்த ஒரே ஆள்தான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விபத்து. இதே கோளாறு, சர்வருக்குச் சர்வர் மெயில் போகிற போர்ட் 25-இல் இருந்தால் சிரிப்பு வராது. பாஸ்வேர்டு கேட்காமல் அனுப்ப விடுகிற உள்வீட்டு ஐபி பட்டியலில் ஃபயர்வாலும் இருந்துவிட்டால், வெளியே இருக்கிற ஸ்பாம்காரனும் உள்வீட்டு ஆளாகிவிடுவான். உங்கள் சர்வர் வழியாக ஊர் உலகத்துக்கே அனுப்புவான். எஸ்.பி.எஃப் சோதனையும் பாழ், எல்லாக் கடிதமும் ஃபயர்வாலிடமிருந்து வந்ததாகவே தெரியும். ஆகவே உள்ளே வருகிற இணைப்பின் மூல ஐபி மாறாமல் வர வேண்டும் என்று ஃபயர்வால் பார்க்கிறவரிடம் எழுத்திலேயே கேளுங்கள். மொபைல் டேட்டாவில் ஒருமுறை லாகின் செய்து சர்வர் லாகைப் பாருங்கள். உங்கள் உள் ஐபி ஏதாவது தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். மெயில் பேச்சை இடையில் புகுந்து சோதிக்கிற வசதி சில ஃபயர்வால்களில் உண்டு. சர்வரின் முதல் வணக்க வரி வெளியே நட்சத்திரக் குறிகளாகத் தெரிந்தால் அதன் வேலைதான். அணைத்துவிடுங்கள்.

மெயிலுக்குத் தனிப் பொது ஐபி வேண்டும். விடுதி லேப்டாப்புகள் இணையத்துக்குப் போகிற அதே ஐபியிலிருந்து மெயிலும் போனால், வைரஸ் பிடித்த ஒரே லேப்டாப் போதும், அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிடும். மெயில் சர்வரைத் தவிர வேறு யாரும் வளாகத்திலிருந்து வெளியே போர்ட் 25-ஐத் தொடக் கூடாது என்று ஒரு விதி போடுங்கள். தடைப்பட்டியல் என்றதும் இன்னொன்று: ஸ்பாம்ஹவுஸ் மாதிரி பட்டியல்களைச் சர்வர் தன் சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் பதிலைத் தேடித் தருகிற மென்பொருள்) வழியாகக் கேட்க வேண்டும். ஃபயர்வால் அந்தக் கேள்வியை வளைத்து ஒரு பொது டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பினால் 127.255.255.254 என்று பதில் வரும். இப்படிக் கேட்காதே என்று அதற்கு அர்த்தம். விவரம் தெரியாத கான்ஃபிக் அதையே பட்டியலில் இருப்பதாக எடுத்துக்கொண்டு, வருகிற கடிதத்தை எல்லாம் திருப்பி அனுப்பிவிடும்.

ஜிமெயில் ஸ்பாம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்கிற பி.டி.ஆர். ரெக்கார்டு உங்கள் ஸோன் கோப்பில் இல்லை, பொதுவாக ஐபி கொடுத்த இணைப்புக்காரரின் கையில் இருக்கும். பதிவாளர் கையெழுத்தோடு கடிதம் கேட்பார்கள், இன்றைக்கே கொடுங்கள். அந்த ரெக்கார்டு சர்வரின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். எஸ்.பி.எஃப், டிகிம் இரண்டும் தேறிய பிறகு, அவற்றில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்கிற டிமார்க்கை எதையும் தடுக்காத நிலையில் தொடங்கி, வருகிற அறிக்கைகளை ஒரு மாதம் படியுங்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவும் கூடாது. தேர்வு முடிவு நாளில் நீங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டுவீர்கள். புது ஐபியிலிருந்து முதல் வாரமே மொத்தமாகக் கொட்டாதீர்கள்.

சரி, பழைய சர்வர். அதை வாசலில் உட்கார வையுங்கள். பழைய இயந்திரத்தையே சொல்லவில்லை; பதினைந்து வருட ஓ.எஸ்ஸை வெளியே காட்டுவது ஆபத்து. அதே போஸ்ட்ஃபிக்ஸ் கான்ஃபிக்கைப் புதிய டெபியன் லினக்ஸில் எழுப்பி, அதே ஐபியைக் கொடுங்கள். கடிதம் எங்கே வர வேண்டும் என்று சொல்கிற எம்.எக்ஸ் ரெக்கார்டு அதையே காட்டட்டும். உள்ளே வருகிற கடிதத்தை அது வாங்கி, யார் கடிதம் எங்கே என்கிற டிரான்ஸ்போர்ட் மேப்பைப் பார்த்து, மாறிவிட்டவர் என்றால் மெயில்கவ்வுக்கும் மாறாதவர் என்றால் உள்ளே இருக்கிற பழைய இயந்திரத்துக்கும் அனுப்பும். துறை துறையாக மாற்றலாம். ஒரே இரவில் 600 பேரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. யார் யார் உண்மையான பயனர் என்று வாசலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இல்லாத ஆளுக்கு வந்த ஸ்பாமை எல்லாம் வாங்கிவிட்டு, பிறகு சம்பந்தமில்லாத யாருக்கோ திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஸ்பாம் வடிகட்டுவதும் வாசலிலேயே நடக்கட்டும், உள்ளே இன்னொரு முறை வேண்டாம்.

பழையது இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், அதை நம்பி வாழ்கிற ஊமைகள். மூன்றாம் மாடி ஸ்கேனர், கைரேகை வருகைப் பதிவுக் கருவி, கோஹாவின் தாமத நினைவூட்டல், யூ.பி.எஸ் எச்சரிக்கை, தேர்வுப் பிரிவில் யாரோ எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட். இவற்றில் பல பாஸ்வேர்டு இல்லாமல் பழைய ஐபிக்கே அனுப்பும், பழைய டி.எல்.எஸ் குறியாக்கம் மட்டுமே பேசும். புதிய சர்வர் இவற்றைக் கதவருகே விடாது. பழைய லாகிலிருந்து ஒரு மாதத்துக்கு எந்தெந்த உள் ஐபி அனுப்பியது என்று எடுத்துப் பட்டியல் போடுங்கள். அந்த ஐபிகளுக்கு மட்டும், உள்ளிருந்து மட்டும் வாசல் திறந்திருக்கட்டும்.

பழைய கடிதங்களை நகர்த்த ஐமேப்சிங்க் என்கிற மென்பொருள் போதும். முதல் சுற்றை இரண்டு வாரம் முன்பே ஓடவிட்டால், மாற்றுகிற அன்றைக்குப் புதிதாக வந்தவை மட்டும் நிமிடங்களில் வந்துவிடும். வெப்மெயில் பெயரின் டி.டி.எல்-ஐ (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கிற நேரம்) இரண்டு நாள் முன்பே 300 வினாடிக்கு இறக்கிவையுங்கள். விடுமுறை நாளில் செய்தால் தொந்தரவு இருக்காது என்று தோன்றும். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருநாள், எல்லாருக்கும் லீவு. ஃபயர்வால் பாஸ்வேர்டு வைத்திருக்கிறவருக்கும் லீவு. சாதாரண வேலைநாள் சாயங்காலம் ஒன்றைப் பிடியுங்கள், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு டிஎன்எஸ்ஸும் வளாகத்துக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்படி ஒரு நாளில் மெயில் சர்வர் படுத்தால்கூடப் பெரிய மோசம் இல்லை. அனுப்பிய சர்வர்கள் பொதுவாக நான்கைந்து நாள் வரை வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். இதற்காக இரண்டாவது எம்.எக்ஸ் எல்லாம் வேண்டாம், ஸ்பாம்காரன் முதலில் தட்டுகிற கதவு அதுதான். ஆனால் இரண்டு டிஎன்எஸ்ஸும் ஒரே ஜெனரேட்டரில் தொங்கினால் அவை இரண்டு இல்லை, ஒன்றுதான். டீசல் தீர்ந்ததும் வெளியே எங்கோ நன்றாக ஓடுகிற உங்கள் இணையதளம்கூட யாருக்கும் கிடைக்காது. இரண்டாவதை மாவட்டத்துக்கு வெளியே வையுங்கள். மெயில் பேக்அப்பின் ஒரு பிரதியும் அங்கேயே போகட்டும்.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள்: பி.டி.ஆருக்குக் கடிதம், பழைய லாகிலிருந்து அந்த ஊமைகளின் பட்டியல். பட்டியலையும் இப்போது இருக்கிற எஸ்.பி.எஃப் வரியையும் அனுப்புங்கள். சேர்த்து எழுத வேண்டிய வரியைப் பார்த்துச் சொல்கிறேன்.